கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் புஷ்பவள்ளி முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார். வீட்டுக்காரர் "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், மேல்கூரைப் பலகையில் எங்கே நீர்க்கறை படிந்திருக்கிறது, எந்த மூலையில் கறையான் கோடு இழுத்திருக்கிறது என்று கண்டுபிடித்திருப்பார். அடுத்தது சுவர். நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு. சத்தம் கெட்டியாக வந்தால் சரி. பொத்தென்று வந்தால் உள்ளே பூச்சு கழன்றிருக்கிறது என்று பொருள். பிறகு குழாயைத் திறந்து மூடுவார். சன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பார். எல்லாம் முடிந்தபின்தான் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சாப்டாச்சாங்க?" என்பார்.

கைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம் பிஸ்கட் இருக்கும். அவருக்கல்ல, நாய்களுக்கு. "கடிக்கிற நாய் எதுன்னு எனக்குத் தெரியாது லா. பசிக்கிற நாய் எதுன்னு தெரியும்" என்பார். இருபத்திரண்டு வருட வேலையில் ஒரே ஒருமுறைதான் கடிபட்டிருக்கிறார். அதுவும் நாயிடம் அல்ல. கூலாயில் ஒரு பெரிய வீட்டில், வாத்திடம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நீல மை பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். சமையலறை பதினொன்றுக்குப் பத்து, பின்கட்டு ஏழுக்கு ஒன்பது என்று அன்றைய வீடுகளின் அளவுகள் மாலைக்குள் மணிக்கட்டுவரை ஏறியிருக்கும். வேலை முடிந்து வந்ததும் முதல் காரியமாகச் சோப்பு போட்டு அத்தனையையும் கழுவிவிடுவார். அடுத்தவர் வீட்டு அளவைத் தன் வீட்டுச் சோற்றுத்தட்டுவரை கொண்டுவருவது அவருக்குப் பிடிக்காது.

சிங்கப்பூருக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில், ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கும் சொத்து மதிப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு வேலை. வங்கி கடன் கொடுக்குமுன், வாரிசுகள் பாகம் பிரிக்குமுன், வக்கீல் பத்திரம் எழுதுமுன், அந்த வீடு உண்மையில் என்ன பெறும் என்று ஒருவர் நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். போய்ப் பார்ப்பவர் புஷ்பவள்ளி. கையெழுத்திட்டுச் சொல்பவர் முதலாளி ஜெயபாலன். அவர் படித்துப் பட்டம் வாங்கிப் பதிவு செய்துகொண்ட மதிப்பீட்டாளர். புஷ்பவள்ளி பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு நிறுத்தியவர். ஆனால் ஜெயபாலன் சொல்லும் விலையில் பாதி, புஷ்பவள்ளி தட்டிய சுவரிலிருந்து வருகிறது.

பிறந்தது பண்டார் தெங்காராவுக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். வரிசை வீடு, இரண்டு அறை, ஏழு பேர். அந்த நாள் எப்படி இருந்தது என்று யாராவது கண்கள் மின்னக் கேட்டால், "ஒழுகுச்சு" என்பார். அதற்குமேல் அந்தப் பேச்சில் அவருக்கு விருப்பம் இல்லை. தோட்டத்தை விற்றபோது அப்பாவுக்கு ஒரு கடிதமும் முப்பது நாள் தவணையும் கிடைத்தன. நாற்பது வருடம் குடியிருந்த மனிதர் அந்த மண்ணின் விலைப்பட்டியலில் எங்கேயும் இல்லை. மரங்களைத்தான் எண்ணி எழுதியிருந்தார்கள்.

போன வருடம் ஜனவரியில் ஜெயபாலன் எல்லாரையும் கூப்பிட்டு, "இன்னையிலேருந்து நம்ம ஆபீஸ்ல தாள் கிடையாது" என்று அறிவித்தார். பழைய கோப்புகள் படம்பிடிக்கப்பட்டு, பிறகு துண்டுதுண்டாக வெட்டப்பட்டு மூட்டைகளில் போயின. இரும்பு அலமாரிகள் நின்ற இடத்தில் ஒரு மீன்தொட்டி வந்தது. வெளிவேலைக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு டேப்லெட், ஒரு லேசர் அளவுகோல். வீட்டு வாசலில் நின்றபடியே படம் எடுத்து, அளந்து, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பிவிட வேண்டும். நீங்கள் காரில் ஏறுவதற்குள் அறிக்கை பாதி தயாராகியிருக்கும்.

புஷ்பவள்ளி இதை எதிர்ப்பார் என்று அலுவலகத்தில் பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள். முதல் நாளே லேசரை எடுத்துக்கொண்டு போய், ஒரு கோணல் சுவரை முப்பது வினாடியில் அளந்துவிட்டு, "இத்தன வருசமா இந்தச் சனியன எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். மழையில் நனைந்த படிவங்களை முடி உலர்த்தும் கருவியால் உலர்த்திய கைகள் அவை. தாளுக்காக அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அவருக்குக் குறைந்தது ஒன்றே ஒன்றுதான்: ஓரம். பழைய படிவத்தின் இடப்பக்கம் இரண்டு விரல்கடை வெற்றிடம் இருக்கும். படிவம் கேட்காததையெல்லாம் அவர் அங்கே எழுதுவார். 'காலையில் அடுப்படிவரை வெயில் வருகிறது.' 'பக்கத்து வீட்டு மாமரம் சுவரைத் தள்ளுகிறது.' 'வீட்டுக்காரம்மா மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறார், கைப்பிடி இல்லை.' புதிய செயலியில் சமையலறை என்றால் மூன்று வார்த்தைதான்: நன்று, நடுத்தரம், மோசம். ஓரம் போனபின்தான் அவர் உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தார்; அங்கே இடம் கொள்வது அளவுகளுக்கு மட்டும்தான்.

சண்டை வந்தது வேறு இடத்தில். செயலியில் 'குறைகள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கழிவுநீர்க் குளம் அருகில், உயர் அழுத்த மின்கம்பி அருகில், வெள்ளம் ஏறும் இடம் என்று போகும். அதெல்லாம் அவருக்குச் சம்மதம்; நாற்றம் நாற்றம்தான், வெள்ளம் வெள்ளம்தான். அதன் கீழே இன்னும் இரண்டு வரி. 'தெருக்குத்து', 'நான்கு கொண்ட எண்'. தெரு நேராக வந்து வாசலில் முட்டும் வீடு ஆகாது என்று நம் ஆட்களும் சொல்கிறார்கள், சீனர்களும் சொல்கிறார்கள். நான்கு என்ற எண் சாவை நினைவூட்டுகிறது என்று சீனர்கள் அஞ்சுகிறார்கள். கேட்டுக் கேட்டு நம் ஆட்களும் அஞ்சக் கற்றுக்கொண்டார்கள். இந்த இரண்டு வரியைத் தொட்டால் செயலி தானாகவே விலையில் எட்டு விழுக்காடு, நான்கு விழுக்காடு என்று வெட்டிவிடும்.

"தாள் இருந்த காலத்துல இதை நான் ஒரு தடவ கூட எழுதுனதில்ல பாஸ்" என்றார் புஷ்பவள்ளி. "இப்ப மிசினு எழுதுது."

"ஜனங்க குறைச்சுதானே குடுக்கறாங்க, வள்ளி? ஜனங்க குடுக்கறதுதான் விலை. அவங்கள திருத்தறது நம்ம வேலை இல்ல." ஜெயபாலன் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டே சொன்னார். "அதுவும் தெருக்குத்துல நிஜமாவே கஷ்டம் இருக்கு. கார் லைட்டு நேரா ஹால்ல அடிக்கும். பிரேக் புடிக்காதவன் உள்ளயே வந்துருவான்."

"அப்ப சுத்துச்சுவர் வலுவா இருக்கான்னு கேளுங்க, பார்த்துச் சொல்றேன். பேய்க்கு எதுக்கு எட்டு பெர்சென்ட்? அது என்ன, புரோக்கரா?"

அலுவலகமே சிரித்தது. பட்டியல் மாறவில்லை. ஒருவன் பயந்தால் அது பயம். ஆயிரம் பேர் பயந்தால் அதற்குச் சந்தை என்று பெயர். அதை யாரோ தட்டச்சு செய்துவிட்டால் கணக்கு ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஏறக்குறைய நாலாயிரம் வீடுகளுக்குள் போய் வந்திருக்கும் புஷ்பவள்ளிக்குச் சொந்த வீடு இல்லை. கூலாயில் வாடகைக்கு இருக்கிறார். கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். மகள் மலர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமை வருவாள். வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் ஒப்பந்தத்தில் ஏழாவது விதி, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆகவே கடிகாரம் குளிர்பெட்டியின் மேல் சாய்ந்து நிற்கிறது. மலர் பட்டம் வாங்கிய படம் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறது. விருந்தாளி வந்தால் படம் எழுந்து இடம் கொடுக்கும்.

இந்த வீடு கிடைக்குமுன் அவர் பட்டது தனிக் கதை. தொலைபேசியில் சுத்தமான மலாயில் பேசுவார். வீடு காலியாக இருக்கும். நேரில் போய் நிற்பார். அரை மணி நேரத்துக்கு முன்தான் யாரோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். சிலர் அந்தச் சிரமத்தைக்கூட வைப்பதில்லை. விளம்பரத்திலேயே 'இந்தியர் வேண்டாம்' என்று போட்டுவிடுகிறார்கள், 'நாய் வேண்டாம்' என்பதற்கு அடுத்த வரியில். இதைப் படித்துப் பொங்குகிற எத்தனை தமிழர்கள், தங்கள் வீட்டை வாடகைக்கு விடும்போது, வருகிறவர் எந்தத் தோட்டம், என்ன சாதி என்று விசாரிக்காமல் சாவியைக் கொடுக்கிறார்கள்? அதே கேட்டுகளைத்தான் அலுவலக அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு புஷ்பவள்ளி மறுநாள் திறக்கச் சொல்கிறார். அப்போது படுக்கையறைவரை கூட்டிக்கொண்டு போகிறார்கள், குளிர்ந்த பானம் தருகிறார்கள். "ஆள் அதே ஆள்தான் லா. கழுத்துல ஒரு அட்டை. அவ்வளவுதான் வித்தியாசம்."

இத்தனை வீடுகளில் ஒரே ஒரு வீட்டின் மேல்தான் அவருக்கு ஆசை. ஸ்கூடாயில் தாமான் என்கிற பழைய குடியிருப்பு ஒன்று. அதில் நீளமான ஒரு தெரு நேராக ஓடி வந்து ஒரு வீட்டு வாசலில் முட்டி நிற்கிறது. வீட்டு எண் நாற்பத்துநான்கு. ஒரே வீட்டில் தெருக்குத்து, இரண்டு நான்கு. அதே தெருவில் இருபத்துநான்காம் எண்காரர் அதிகாரிகளிடம் எழுதிக்கொடுத்து, 22A ஆகிவிட்டார். "எண்ணத் தெரியாத தெரு" என்பார் புஷ்பவள்ளி.

முதல்முறை அங்கே போனது பதினேழு வருடத்துக்கு முன்னால், வாடகை கேட்டு. மாடியில் இரண்டு அறை காலி என்று கேள்விப்பட்டு, கணவரையும் ஏழு வயது மகளையும் மரநிழலில் நிறுத்திவிட்டுக் கேட்டில் நின்று கூப்பிட்டார். வந்தவர் ஞானேஸ்வரி. யாழ்ப்பாணத்து வழி; ரயில்வேயில் பெரிய குமாஸ்தாவாக இருந்தவரின் மனைவி. கேட்டைத் திறக்காமலே இரண்டு மூன்று கேள்வி கேட்டார். எந்த ஊர், அப்பா என்ன வேலை. பிறகு குரலை இறக்கி, உண்மையாகவே வருத்தத்தோடு, "குறை நினையாதேயுங்கோ பிள்ளை. தோட்டத்து ஆக்களுக்கு நாங்கள் வாடகைக்குக் குடுக்கிறேல்லை" என்றார். அவர் பேசியபோது புஷ்பவள்ளி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டுக் கம்பிகளுக்கிடையே, திறந்திருந்த கதவுக்குள், கூடத்தைத் தாண்டி, வீட்டின் அந்தக் கோடியில் அடுப்படி தெரிந்தது. அங்கே ஒரு சன்னல், அதில் வெயில்.

இரண்டாம் முறை போனது எட்டு வருடம் கழித்து, அட்டையோடு. ஞானேஸ்வரிக்கு அடையாளம் தெரியவில்லை. "வாங்கோ, இருங்கோ, கோப்பி குடிக்கிறியளோ?" என்றார். கீழும் மேலும் எல்லா அறையையும் தானே காட்டினார். கூடத்துச் சுவர் முழுக்க ஆணிகள். நாள்காட்டி, படம், சாவி, குடை, புட்டுக்குழல், எல்லாம் ஆணியில் தொங்கின. "இதெல்லாம் அவர் போன பிறகு நானே அடிச்சது. ஒரு ஆணியும் கோணல் இல்லை, பாருங்கோ" என்று பெருமைப்பட்டார். வெளியே சுற்றுச்சுவரில் தெருக்குத்துக்குப் பரிகாரமாக ஒரு சின்னப் பிள்ளையார் மாடம். பக்கத்து வீட்டுச் சீனர் தன் பங்குக்கு எண்கோணக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தார். "தெருக்குத்து எண்டு எல்லாரும் பயப்படுத்திச்சினம். முப்பத்தஞ்சு வருசமா இருக்கிறன். எதிரில ஒரு வீடும் இல்லை பாருங்கோ, தெரு முழுக்க வாற காத்து எங்களுக்குத்தான்."

அது உண்மை. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் தெருவின் நீளம் முழுவதும் எதுவும் மறைக்காமல் கிடந்தது. காற்று அந்தக் கோடியில் புறப்பட்டு, யார் வீட்டிலும் நுழையாமல், நேராக இங்கே வந்து முகத்தில் அடித்தது. ஊரே எதைக் கண்டு பயந்ததோ, அதுதான் அந்த வீட்டின் செல்வம். அன்று படிவத்தின் ஓரத்தில் புஷ்பவள்ளி எழுதியது ஒரே வரி: 'இந்த வீட்டில் மின்விசிறி தேவையில்லை.'

அதற்குப் பிறகு ஸ்கூடாய் பக்கம் வேலை இருந்தால், சுற்று வழியானாலும் அந்தத் தெரு வழியாகத்தான் கார் போகும். ஒருநாள் மகளும் காரில் இருந்தாள்.

"ஏம்மா இப்படிச் சுத்துறீங்க?"

"அங்க ஜாம்."

"இன்னைக்கு ஞாயிறும்மா!"

"ஞாயிறும் ஜாம்தான், நீ சும்மா வா."

நான்கு மாதமாக அந்தக் கேட்டில் பூட்டு தொங்கியது. ஞானேஸ்வரி அம்மா ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போயிருப்பார் என்று புஷ்பவள்ளி நினைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயும் தேநீரும் வைத்துக்கொண்டு அன்றைய வேலைகளைத் திறந்தார். ஐந்து வீடுகள். வீட்டுக்கு ஓர் உறுதிமொழி: 'இந்தச் சொத்தை நானோ என் குடும்பத்தாரோ வாங்கும் எண்ணம் இல்லை.' அதன் பக்கத்தில் ஒரு கட்டம். தாள் காலத்தில் இது கடைசிப் பக்கத்தில் இருக்கும்; வீட்டைப் பார்த்து முடித்து, காரில் உட்கார்ந்து கையெழுத்திடுவார்கள். செயலியில் இதுதான் முதல் திரை. இதைத் தொடாமல் வழியும் காட்டாது, கேமராவும் திறக்காது. ஆகவே வெளிவேலைக்காரர்கள் எல்லாரும் காலையிலேயே, எந்த வீடு என்று தெரியாமலே, மொத்தமாகத் தட்டிவிடுவார்கள். வெறும் மனை எண்கள்தானே. குழம்பில் தோயாத விரலால் புஷ்பவள்ளி ஐந்து கட்டத்தையும் தட்டினார். டக், டக், டக், டக், டக்.

நான்காவது வேலைக்கு வழிகாட்டி அந்தப் பழைய தாமானுக்குள் திருப்பியது. பிறகு அந்த நீளத் தெருவுக்குள் திருப்பியது. தெரு முடியும் இடத்தில், 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது.

அவர் காரை நிறுத்தினார்; என்ஜினை அணைக்க மறந்துவிட்டார். பிறகு அலுவலகத்தில் கொடுத்த உறையைப் பிரித்தார். வக்கீல் அனுப்பிய சாவி. உள்ளே ஒரு சீட்டு: உரிமையாளர் ஞானேஸ்வரி (காலமானார்); வாரிசு மகன் ஜெயசங்கர், பெர்த், ஆஸ்திரேலியா; மதிப்பீடு வந்தவுடன் அந்த விலைக்கு விற்கப்படும்.

பதினேழு வருடம் கழித்து அந்தக் கேட்டின் சாவி புஷ்பவள்ளியின் கையில் இருந்தது. வாங்க மாட்டேன் என்று தேநீர் குடித்துக்கொண்டே அவர் கொடுத்திருந்த உறுதிமொழியும் இருந்தது.

செயலியில் பின்னால் போகும் பொத்தான் கிடையாது. ஜெயபாலனைக் கூப்பிட்டார்.

"பாஸ், நாலாவது வேலைய என்கிட்டேருந்து எடுத்துருங்க. காலைல தெரியாம டிக் பண்ணிட்டேன்."

"ஏன் லா? என்னாச்சு?"

"நான்..." இதை இதற்குமுன் மகளிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. "நான் இந்த வீட்ட வாங்கணும், பாஸ்."

மறுமுனையில் ஜெயபாலன் மீன் தீனி டப்பாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அலமாக்! வள்ளி, இத முன்னாடியே சொல்லக் கூடாது? சரி சரி. பதறாதீங்க. வேலைய திருப்பி அனுப்பறதுக்கு ஒரு பட்டன் இருக்கு, காரணம் கேக்கும். நாய்னு போடுங்க. உங்களுக்குப் பதிலா சுகுமாறன அனுப்பறேன். அவன் தெருக்குத்து ஒண்ணு, நாலு ஒண்ணு, ரெண்டையும் டிக் பண்ணி இறக்கிருவான். உங்க தம்பி வேலு பேர்ல வாங்கிப் போடுங்க. யாரு வந்து கேக்கப் போறா?"

ஜெயபாலன் கெட்டவர் அல்ல. அவர் உண்மையாகவே உதவி செய்தார். இந்த நாட்டில் வீடு வாங்கிய எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு நாய் உதவியிருக்கிறது.

புஷ்பவள்ளி பட்டியலைத் திறந்தார். வீட்டில் ஆள் இல்லை. சாவி பொருந்தவில்லை. உடல்நலக் குறைவு. நாய். மற்றவை. நாய்க்கு மேல் விரல் நின்றது. ஒரு தட்டு. அவ்வளவுதான் தூரம்.

"பாஸ், நம்ம ஆபீஸ் விலை சொல்ற வீட்ட நம்ம ஆளுங்க வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டீங்க?"

"நாந்தான் போட்டேன். நாந்தான் சொல்றேன், பரவால்லன்னு."

"அந்தம்மா மகன் எங்கயோ உக்காந்துகிட்டு நாம சொல்றத நம்பறாரு. நான் அளக்கறவளா உள்ள போயிட்டு, வாங்கறவளா வெளிய வர மாட்டேன். நம்ம ஆபீஸ்லேருந்து வேற யாரும் போகக் கூடாது. வேற ஆபீஸுக்கு அனுப்பச் சொல்லுங்க."

"வக்கீல் இனிமே நமக்கு வேலையே அனுப்ப மாட்டான், தெரியுமா?" ஜெயபாலனின் குரல் ஏறியது. "வேற ஆபீஸ் போனா மட்டும் உங்களுக்குக் கிடைக்குமா? நாளைக்கே ஒரு சிங்கப்பூர்க்காரன் வந்து தூக்கிட்டுப் போவான். அப்ப அழுவீங்க."

"அழுவேன்" என்றார் புஷ்பவள்ளி.

"திங்கக்கிழம மீட்டிங்ல பேசிக்கலாம்." தொடர்பு அறுந்தது.

அவர் 'மற்றவை' என்பதைத் தொட்டார். காரணம் எழுத ஐம்பது எழுத்துதான் இடம். ஓரமே இல்லாத அந்தச் செயலியில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றிடம் அது. 'இந்த வீட்டை வாங்க விரும்புகிறேன்' என்று மலாயில் எழுதித் தன் பெயரையும் போட்டு அனுப்பினார். திரை சாம்பல் நிறமாகி வீடு பட்டியலிலிருந்து மறைந்தது.

வேறு அலுவலகத்து ஆள் நாளையோ மறுநாளோ வருவான். அவனுடைய செயலியிலும் அதே இரண்டு வரி இருக்கும். அவனும் பேய்க்கு எட்டு, சாவுக்கு நான்கு என்று வெட்டுவான். அப்படி வெட்டினால் ஒருவேளை விலை புஷ்பவள்ளிக்கு எட்டும். இருபத்திரண்டு வருடமாக அவர் ஏற்காத மூடத்தனம், முதல் தடவையாக, அவர் பக்கம் வந்து நின்றது. அது அவருக்கு உவப்பாக இல்லை. அதே சமயம், வெட்டட்டும், நன்றாக வெட்டட்டும் என்று உள்ளே ஒரு குரல் கேட்டதையும் அவர் மறைக்கவில்லை. பின்னால் இதைச் சொன்னபோது, "பகுத்தறிவும் வாடகை வீட்டுலதானே லா இருக்கு" என்று சிரித்தார்.

காரை விட்டு இறங்கினார். சாவி கையில் இருந்தது. பூட்டு எதிரில் இருந்தது. கூடத்து ஆணிகள் இன்னும் இருக்கின்றனவா, சாமான்களோடு பிடுங்கிவிட்டார்களா என்று மட்டும் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வரலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் அளக்க வந்தவருக்காக அனுப்பிய சாவி அது. அவர் இப்போது அளக்க வந்தவர் இல்லை. வாங்க வந்தவருக்கு இன்னும் யாரும் கதவைத் திறக்கவில்லை. சாவியை உறையில் போட்டு ஒட்டினார்.

பிள்ளையார் மாடத்தில் எறும்பு ஊர்ந்தது. பக்கத்து வீட்டுக் கண்ணாடி அவரைச் சின்னதாக எட்டு மூலைக்குள் காட்டியது. முதுகில் தெரு முழுக்க வந்த காற்று அடித்தது. முதல்முறை நின்ற அதே இடத்தில், அதே கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, அவர் சற்று நேரம் நின்றார். இந்தத் தடவை போகச் சொல்ல யாரும் இல்லை.

பிறகு லேசர் அளவுகோலை எடுத்துக் கம்பிகளுக்கிடையே நீட்டினார். சிவப்புப் புள்ளி முற்றத்துச் சிமெண்டைத் தாண்டி, நிழலில் இருந்த கதவில் போய் உட்கார்ந்தது. எந்தப் பட்டியலிலும் இந்த அளவைக் கேட்பதில்லை. எந்த அறிக்கையிலும் இது வராது. கேட்டிலிருந்து கதவு வரை இருபத்தொரு அடி, மூன்று அங்குலம். அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, ஐந்தாவது வீட்டைப் பார்க்கப் போனார்.

அந்தச் சனிக்கிழமைவரை பதில் எதுவும் வரவில்லை. வீடு எந்த அலுவலகத்துக்குப் போயிற்று என்றுகூடத் தெரியவில்லை. மலர் வந்திருந்தாள். நாற்காலியிலிருந்து தன் படத்தை எடுத்துத் தரையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றிய அம்மாவின் இடது உள்ளங்கையைப் பார்த்தவள் கேட்டாள்:

"என்னம்மா இது, கையெல்லாம் மை? எப்ப எழுதுனது? கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

புஷ்பவள்ளி எழுந்து குழாயடிக்குப் போனார். செவ்வாய் முதல் தினமும் காலையில் பேனாவால் மேலே மேலே இழுத்து வந்ததில், கேட்டிலிருந்து கதவு வரையான அந்த ஓர் அளவு மட்டும் மற்றவற்றைவிடத் தடிப்பாக இருந்தது. குழாயைத் திறந்தார். இடது கையை முதுகுப் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு, வலது கையை மட்டும் கழுவினார்.